உலகியலும் நாடகமும்: ஒளிப்படம் ஓவியமாகும் நெறி



மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குப் பின்னே கதிரவன் எழுந்து வரும் வேளை. சுற்றுலா வந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார். திரையை ஒருமுறை விரலால் தொடுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் படம் எண்ணெய் வண்ண ஓவியமாக மாறிவிடுகிறது. கடல் தீற்றல் தீற்றலாகத் தெரிகிறது. விமானம் தூரிகையால் இழுத்தது போல் நிற்கிறது. இன்னொரு தொடுதலில் அது நீர்வண்ண ஓவியம். மற்றொரு தொடுதலில் கரிக்கோல் ஓவியம். அருகில் நிற்போர் வியக்கின்றனர். அதே தொடுதல் கரையில் கிடக்கும் வலையையும் ஓவியமாக்குகிறது; கட்டுமரத்தையும் ஓவியமாக்குகிறது; உடன் வந்த பாட்டியின் முகத்தையும் ஓவியமாக்குகிறது.

இவ்வாறு கிடைப்பது ஓவியமா, ஓவியத்தின் வேடமா? இவ்வினா கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. உள்ளதை உள்ளவாறு சொல்வதற்கும், உள்ளதைக் கொண்டு புனைந்து சொல்வதற்கும் இடையே உள்ள எல்லையைப் பற்றிய வினா இது. அவ்வெல்லையைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்து வந்த மரபு தமிழ் மரபு. ஆதலின் தமிழ் படிப்போர் இதற்கு விடை தேடுவது பொருத்தமே.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

அகப்பாடல் எவ்வாறு அமைகிறது என்பதற்குத் தொல்காப்பியர் இரண்டு வழக்குகளைச் சொல்கிறார். ஒன்று உலகியல் வழக்கு. மற்றொன்று நாடக வழக்கு. இரண்டும் கலந்து அமைவதே புலனெறி வழக்கம். உலகத்தார் வாழ்க்கையில் நிகழ்வதோடு ஒத்து வருவது உலகியல். சுவையுடையவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தன போலத் தொகுத்துக் காட்டுவது நாடகம். இஃது இளம்பூரணர் உரையின் கருத்து. உலகியல் மட்டும் இருந்தால் செய்தியாகும். நாடகம் மட்டும் இருந்தால் வெறும் கற்பனையாகும். இரண்டும் அளவோடு கலந்தால்தான் பாட்டு.

ஒளிப்படம் உலகியலின் பிள்ளை. ஒரு நொடியில் ஒரு பொருளின்மீது பட்ட ஒளி, வில்லையின் வழியே வந்து பதிந்த தடம் அது. ஓவியம் நாடகத்தின் பிள்ளை. காலையில் கண்ட வானத்தையும் மாலையில் கண்ட கடலையும் ஒரே சீலையில் சேர்க்க ஓவியருக்கு உரிமை உண்டு. வேண்டாததை விடவும் வேண்டியதைப் பெரிதாக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஒளிப்படத்தை ஓவியமாக்கும் முயற்சி இவ்விரண்டையும் மணம் செய்து வைக்கும் முயற்சியே. மணம் பொருந்துமா என்பது கலக்கும் கையின் அறிவைப் பொறுத்தது.

தொல்காப்பியர் இன்னொரு வரம்பும் இடுகிறார். அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லுதல் ஆகாது. பெயர் வந்தால் பாட்டு புறத்தின் பக்கம் போய்விடும். இவ்வரம்பு எத்துணை நுட்பமானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பாட்டு முழுதும் பிரிவும் ஏக்கமும் நிறைந்திருக்க, வேலில் கட்டிய வேம்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுகிறது. அதனாலேயே அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். ஓர் இலை, ஒரு பாட்டின் இனத்தையே மாற்றிவிடுகிறது. இந்த வேம்பை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் வேறோர் இடத்தில் அது தேவைப்படும்.

பெட்டி தந்த கோடும் கை தந்த வண்ணமும்

பொறி பதித்த உருவத்தைக் கை ஓவியமாக்குவது கணிப்பொறிக் காலத்தில் தோன்றியதன்று. இந்தக் கடற்கரையிலேயே அதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தாமஸ் டேனியலும் அவர்தம் உறவினர் வில்லியம் டேனியலும் 1792–93 ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் சுற்றி வந்தவர்கள், மாமல்லபுரத்துக்கும் வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த துணைக்கருவி இருட்பெட்டி. வில்லையின் வழியே புகும் ஒளி, எதிரே உள்ள காட்சியைத் தாளின்மீது வீழ்த்தும். அதன்மேல் கரிக்கோலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். ஒளியைத் தாளில் நிலைநிறுத்தும் வேதியியல் அன்று இல்லை. ஆதலின் பெட்டி கோட்டைத் தந்தது. நிழலையும் நிறத்தையும் வானத்தையும் கை தந்தது. இங்கிலாந்து திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 வண்ணப் பதிப்போவியங்களின் தொகுதியில் மாமல்லையின் பாறைக் கோயில்களும் இடம்பெற்றன. அக்கோயில்களை நேரில் காணாத ஐரோப்பியர் பலர்க்கு மாமல்லை அறிமுகமானது இவ்வாறு பொறியும் கையும் சேர்ந்து செய்த படங்களால்தான்.

ஒளிப்படக் கலை பிறந்த பிறகும் தூரிகை ஓய்வு பெறவில்லை. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அதுவே. 1856-இல் சென்னையில் ஒளிப்படச் சங்கமும் தோன்றியது. அதே ஆண்டில் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்தவர் லின்னேயஸ் டிரைப். திருவரங்கம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களை அவர் 1858-இல் படமெடுத்தார். மெழுகு ஊட்டிய தாளில் எதிர்ப்படம் எடுத்தார். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாக இரங்கும். எனவே வானம் வெறுமையாக வெளுத்துப்போகும். டிரைப் என்ன செய்தார்? தம் எதிர்ப்படங்கள் பலவற்றில் தூரிகை கொண்டு மேகங்களை வரைந்தார். மரத்தின் இலைச்செறிவையும் திருத்தினார். பார்ப்பவர் கண்ணுக்கு அது முழுமையான ஒளிப்படம்; உண்மையில் பாதி வானம் ஓவியம்.

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளையும் படமாக்கினார். 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக அமைத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வானத்தில் ஒரு மேகத்தைச் சேர்த்ததனால் யாருக்கும் தீங்கில்லை. காட்சி நிறைவு பெற்றது. கல்வெட்டில் ஓர் எழுத்தைத் தூரிகை திருத்தியிருந்தால் வரலாறே பிழைபட்டிருக்கும். ஒரே மனிதர், ஒரே பெட்டி, ஒரே தூரிகை. எங்கே கை வைக்கலாம், எங்கே வைத்தல் ஆகாது என்ற தெளிவே அங்கே கலையறிவு. வானம் நாடகத்துக்கு இடம் தரும். கல்வெட்டு உலகியலைவிட்டு அசையாது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை ஊர்தோறும் இருந்த ஒளிப்பட நிலையங்களுக்கு வந்து சேர்ந்தது. கருப்பு வெள்ளைப் படத்துக்கு மெல்லிய வண்ணம் பூசுவதும், எதிர்ப்படத்தில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்வதும் அந்நிலையங்களின் அன்றாடத் தொழில். தெற்கே கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் (1898–1976) மாணாக்கர் வழியில் நாட்காட்டி ஓவியமும் ஒளிப்பட நிலையமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்ததைக் கலை வரலாறு அறியும். செங்கற்பட்டுப் போன்ற ஊர்களிலும் மணமக்கள் படத்துக்கும் மறைந்தோர் படத்துக்கும் வண்ணம் ஏற்றிக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத ஓவியர்களே. அவர்கள் வண்ணத்தைத் தொடுமுன் வினவுவார்கள்: அம்மா மாநிறமா, சிவப்பா? புடவைக் கரை என்ன நிறம்? மூக்குத்தி எந்தப் பக்கம்? படத்தில் இல்லாத உண்மையைக் கேட்டறிந்து படத்தில் சேர்த்தார்கள். அந்த வினாக்கள் தூரிகையைவிட முதன்மையான கருவிகள்.

பொறியின் தூரிகை இயங்கும் முறை

அந்த ஓவியரின் இடத்தில் இன்று கணிப்பொறி வந்து அமர்ந்திருக்கிறது. அதன் தூரிகை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதனைப் புகழ்வதும் பழிப்பதும் முறையாகா.

மின்னணு ஒளிப்படம் என்பது சின்னஞ்சிறு சதுரங்களின் அடுக்கு. ஒவ்வொரு சதுரத்துக்கும் நிறத்தைக் குறிக்கும் எண்கள் உண்டு. மாமல்லையின் முற்றுப்பெறாத குடைவரைகளில் இதற்கு ஓர் உவமை கிடைக்கிறது. பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகப் பள்ளமிட்டுப் பிரித்து, பின் ஒவ்வொரு சதுரத்தையும் உடைத்தெடுத்து உள்ளே சென்ற தடத்தை இன்றும் அங்கே காணலாம். பல்லவச் சிற்பிக்கும் வேலை சதுரத்தில்தான் தொடங்கியது; ஆனால் எந்தச் சதுரத்தை எடுப்பது, எதனைத் தூணாக விட்டுவைப்பது என்பதை அவர் முன்னரே எண்ணியிருந்தார்.

கணிப்பொறியின் வடிப்பான், அதாவது ‘ஃபில்டர்’, அவ்வாறு எண்ணுவதில்லை. 1976-இல் குவஹாரா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் உடனுழைத்தோரும் வகுத்த முறையை எடுத்துக்கொள்ளலாம். இதய நோய் ஆய்வுக்கான படங்களைத் தெளிவாக்கவே அது பிறந்தது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள சிறு பரப்பை நான்கு பகுதிகளாக அது பிரிக்கும். எந்தப் பகுதியில் நிற வேறுபாடு மிகக் குறைவோ, அந்தப் பகுதியின் சராசரி நிறத்தை அப்புள்ளிக்கு அளிக்கும். இதனால் சமமான பரப்பு மேலும் சமமாகும்; விளிம்பு மட்டும் மழுங்காமல் நிற்கும். தட்டைத் தூரிகையால் வண்ணத்தை அப்பியது போன்ற தோற்றம் தானே வந்துவிடும். நோயைக் காணப் பிறந்த கணக்கு இவ்வாறு ஓவியத் தோற்றம் தரும் கணக்காயிற்று.

1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் வெளிவந்தது. தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய அச்செயலியின் நான்காம் பதிப்பு 1996-இல் வந்தபோது நீர்வண்ணம், உலர் தூரிகை, சுவரோவியம், வண்ணக் கத்தி முதலிய பெயர்களைத் தாங்கிய வடிப்பான்கள் அதனுள் இடம்பெற்றன. அதே ஆண்டில் கட்டணமில்லாத ‘கிம்ப்’ செயலியும் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2015-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர் மூவர் இன்னொரு படி முன்னே சென்றனர். ஒரு படத்தின் பொருளையும் மற்றொரு படத்தின் நடையையும் பிரித்தெடுத்துச் சேர்க்கும் வழியைக் கண்டனர். ஆற்றங்கரை ஒளிப்படம் ஒன்று வான்கோவின் நடையில் மாறி நின்றது. அடுத்த ஆண்டே ‘பிரிஸ்மா’ என்ற கைப்பேசிச் செயலி வழியாக இத்தகைய உருமாற்றம் உலகெங்கும் பரவியது.

இவ்வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. 1990-இல் பால் ஹேபர்லி என்பவர் ஒளிப்படத்தை ஓவியமாக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். அதில் நிறத்தை ஒளிப்படம் தரும். ஆனால் தீற்றல் எங்கே விழவேண்டும், எவ்வளவு பெரிதாக, எந்தத் திசையில் என்பதை மனிதரின் கை முடிவு செய்யும். முகத்துக்குச் சிறு தீற்றல், பின்புலத்துக்குப் பெருந்தீற்றல் என்று கை தேர்ந்தெடுக்கும். தொடக்கத்தில் பொறி இவ்வாறு கையோடு இணைந்தே நடந்தது. கையை விலக்கி, ஒரே தொடுதலில் முடித்துக்கொள்ளும் அவசரம் பின்னர் வந்தது.

கை விலகியதும் நேர்ந்த குறை ஒன்றே. வடிப்பானுக்குக் கடலும் கோயிலும் முகமும் ஒன்று. மூன்றையும் ஒரே விதியால் அது மெழுகுகிறது. ஓவியருக்கோ எதுவும் எதனோடும் ஒன்றன்று. மாமல்லையின் அருச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது. மேலே தவம் புரியும் முனிவரைப் போலவே முன்னங்கால்களை உயர்த்தி அதுவும் நிற்கிறது; எலிகள் அதன் காலடியில் சூழ்ந்துள்ளன. கோலத்தில் குறையில்லை, உள்ளே தவமில்லை. விரல் தொட்டதும் வரும் ஓவியம் பெரும்பாலும் இந்தப் பூனையின் தவமே.

நெய்தல் நிலத்தில் ஒரு பயிற்சி

அவ்வாறாயின் வடிப்பானைத் துறந்துவிடுதல் வேண்டுமா? வேண்டா. பூனையைப் பாறையில் செதுக்கியதும் ஒரு பெருங்கலைஞனே. கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. கருவியைப் பயன்படுத்தும் நெறியைச் சொல்வதே பயன்.

தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழ்வன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். கடற்கரைக் கோயிலை எடுத்த ஒளிப்படத்தில் நிலமும் பொழுதும் உண்டு. அலையும் படகும் நாரையும் உண்டு. முதலையும் கருவையும் பெட்டி தந்துவிட்டது. உரியைப் பெட்டி தரவில்லை, வடிப்பானும் தராது. அதனை எடுத்தவரே தருதல் வேண்டும். படத்தைத் திறக்குமுன் முதல் வினா இதுவாக இருத்தல் நன்று: இந்தக் காட்சியில் உள்ளத்தைத் தொட்டது எது? நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலா? விடியலின் அமைதியா? கடலுக்குப் புறப்படுவோரின் விரைவா?

விடை கிடைத்தபின் வேலை எளிது. முதலில் மூலப்படத்தைத் தொடாமல் தனியே காத்து வைத்தல் வேண்டும். அதன் படிகளை அடுக்குகளாக, அதாவது ‘லேயர்’களாக, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கில் வடிப்பானின் தீற்றலைப் பெரிதாக அமைத்து வானத்துக்கும் கடலுக்கும் கொள்ளலாம். மற்றோர் அடுக்கில் தீற்றலைச் சிறிதாக்கி விமானத்துக்குக் கொள்ளலாம். வேண்டாத இடத்தை மறைக்கும் ‘மாஸ்க்’ என்னும் வசதியால், எந்த அடுக்கு எந்த இடத்தில் வெளிப்படவேண்டும் என்பதைத் தூரிகையாலேயே தேர்ந்தெடுக்கலாம். கடலின் தீற்றல் கிடைக்கோட்டில் ஓடட்டும். விமானத்தின் தீற்றல் மேல்நோக்கி எழட்டும். நிறங்களைக் கூட்டுவதைவிடக் குறைப்பதில் நாட்டம் வேண்டும். பழந்தமிழர் வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தையும் ‘புனையா ஓவியம்’ என்று பெயரிட்டுப் போற்றினர் என்பது இங்கே நினையத்தக்கது. இறுதியாக, கண் சென்று தங்கவேண்டிய ஒரே ஓர் இடத்தில் மூலப்படத்தின் கூர்மையை அப்படியே விட்டுவிடல் நன்று. கரையில் நிற்கும் ஒரு படகின் மூக்கு அவ்விடமாகலாம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய அக்கோயிலின் சிற்பங்களை உப்புக் காற்று பல நூற்றாண்டுகளாக அரித்து வந்திருக்கிறது. நந்திகளின் முகமும் யாளிகளின் வரையும் தேய்ந்துள்ளன. அந்தத் தேய்வு குறையன்று. காலம் எழுதிய எழுத்து. வடிப்பான் சமமற்ற பரப்பையெல்லாம் இரைச்சல் எனக் கருதி மெழுகும். கல்லின் அரிப்பு மறைந்தால், நேற்றுச் செய்த சுதைப் பதுமை போலக் கோயில் தோன்றும். வானத்தை எவ்வளவு வேண்டுமாயினும் மெழுகலாம். கல்லை மெழுகுதல் ஆகாது. டிரைப்பின் மேகமும் தஞ்சைக் கல்வெட்டும் தரும் பாடம் இங்கும் செல்லும்.

மகேந்திரவர்மப் பல்லவனுக்குச் சித்திரகாரப்புலி என்றொரு விருதுப்பெயர் உண்டு. ஓவியம் வல்ல அரசர் மரபு ஆண்ட மண்ணில், ஓவியத்தின் பெயரால் கல்லின் வரலாற்றை அழித்தல் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயருள்ள முகம்

காட்சிகளைப் பொறுத்தவரை பிழை நேர்ந்தாலும் இழப்பு சிறிது. இன்னொரு விடியலில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு முறை எடுக்க இயலாத படங்கள் உண்டு. இக்கடற்கரையில் அதனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. கடல் பின்வாங்கியபோது புதைந்திருந்த பாறைகளும் கட்டுமானங்களும் வெளிப்பட்டதைப் பற்றி உலகெங்கும் பேசினர். தொல்லியலார் பின்னர் அகழ்ந்தும் பார்த்தனர். தமிழகக் கடற்கரையின் மீனவக் குப்பங்கள் பலவற்றில் அலை கொண்டுசென்றது உயிர்களை. வீட்டோடு படப்பேழையும் போனவர்களுக்கு எஞ்சியது பெரும்பாலும் ஏதோ ஓர் அட்டையில் ஒட்டிய சிறு படமே.

அத்தகைய ஒரு சிறு படத்தைக் கொண்டு ஒரு குடும்பம் படநிலையத்துக்கு வருகிறது எனக் கொள்க. தந்தையின் முகம் விரல் நகத்தளவே இருக்கிறது, மங்கியும் இருக்கிறது. பெரிதாக்கி, வண்ணமேற்றி, ஓவியம் போல் செய்து தருமாறு வேண்டுகின்றனர். இன்றைய செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கும். எவ்வாறு? ஆயிரக்கணக்கான பிற முகங்களைப் படித்துக் கற்ற கணக்கைக் கொண்டு, இல்லாத இமையையும் இல்லாத பல்வரிசையையும் இட்டு நிரப்பும். தோலை மெழுகும், மச்சத்தைக் கறை என நீக்கும். கிடைப்பது அழகான முகம். ஆனால் அது யார் முகம்? முதல் நாள் மகள் தயங்குவாள். ஓராண்டு மாலையிட்டு விளக்கேற்றிய பின் தயக்கம் தேயும். பேரக்குழந்தைகள் அந்த முகத்தையே பாட்டனார் என அறிந்து வளர்வார்கள். கடல் உயிரைத்தான் கொண்டுபோயிற்று; முகத்தைக் கொண்டுபோவது நம் செயலி ஆகிவிடும்.

வேலில் கட்டிய வேம்பு இங்கேதான் நினைவுக்கு வருதல் வேண்டும். பெயர் சுட்டாத காட்சி அகம் போன்றது. அங்கே நாடகத்துக்கு உரிமை மிகுதி. பெயருள்ள முகம் புறம் போன்றது. அங்கே உலகியலுக்கே முதலிடம். கன்னத்தில் உள்ள ஒரு மச்சம், நெற்றியில் உள்ள ஒரு தழும்பு, சற்றே சாய்ந்த ஒரு பல் ஆகியவை அம்முகத்தின் வேம்பு. ஓர் இலையை நீக்கினால் பாட்டின் இனம் மாறும். ஒரு மச்சத்தை நீக்கினால் மனிதரே மாறிவிடுவார். போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் நட்டுப் பெயரும் பெருமையும் பொறித்த மரபு நம்முடையது. மறைந்தோரின் சுவர்ப்படம் இன்றைய நடுகல். நடுகல்லில் பிழையான பெயரைப் பொறிப்பார் உண்டோ?

எனவே பெயருள்ள முகத்துக்கு நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம். ஓவியத் தன்மையை ஆடையிலும் பின்புலத்திலும் ஏற்றலாம். கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களில் பொறியின் கற்பனைக்கு இடம் தருதல் ஆகாது. முகம் மங்கலாக இருப்பின் மங்கலையே மதித்து, படத்தைச் சிறிய அளவில் செய்து தரலாம். தெளிவான பொய்யைவிட மங்கலான மெய் நன்று. பழைய ஓவியரைப் போல உற்றாரை வினவுதல் வேண்டும். நிறத்தையும் தழும்பையும் சிரிப்பையும் அவர்களே அறிவர். மூலப்படத்தைப் புதிய படத்தின் பின்புறத்தில் ஓர் உறையிலிட்டு வைத்தல் நன்று. எது ஒளி தந்தது, எது கை தந்தது, எது பொறி தந்தது என்பதை அங்கேயே இரண்டு வரியில் எழுதிவிடலாம். இதற்குக் காசு செலவில்லை. மனம் மட்டும் வேண்டும்.

இந்நெறிகள் தொழிலுக்கும் துணையானவை. விரல் தொட்டால் ஓவியம் வரும் காலத்தில் படநிலையத்துக்கு மக்கள் ஏன் வரவேண்டும்? வினவத் தெரிந்த மனிதர் அங்கே இருப்பதற்காக வரவேண்டும். செயலி எல்லார் கையிலும் உண்டு. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்கும் அக்கறை எல்லார் கையிலும் இல்லை.

கையும் பொறியும்

சென்னையிலிருந்து மாமல்லை வரும் கடற்கரைச் சாலை ஓவியத்தின் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இணைந்த கலைஞர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். மாமல்லையில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரி, கல்லோடும் மரத்தோடும் மரபு ஓவியத்தையும் கற்பிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. உளியைத் தொடுமுன் கோட்டைக் கற்பதும், கோட்டைக் கற்குமுன் அளவைக் கற்பதும் சிற்ப மரபின் ஒழுங்கு. கணிப்பொறி ஓவியத்துக்கும் அவ்வொழுங்கு வேண்டும். கரிக்கோலால் ஒரு மரத்தைப் பத்து முறை வரைந்த மாணவர்க்கு எந்தக் கோட்டை விடலாம் என்பது தெரியும். அவர் கையில் வடிப்பான் தூரிகையாகும். வரைந்தறியாதவர் கையில் அது வெறும் பொத்தானாகவே நிற்கும்.

இலக்கியம் கற்பிப்போர்க்கும் இதில் பணி உண்டு. உலகியலும் நாடகமும், முதலும் கருவும் உரியும், அகமும் புறமும் தேர்வுக்கு மனனம் செய்யும் பகுப்புகள் மட்டும் அல்ல. மாணவர் கையிலிருக்கும் கைப்பேசிப் படத்தை எடுத்து, இதில் உலகியல் எது, நாடகம் எது, உரிப்பொருள் எது என்று வினவினால் நூற்பா உயிர்பெற்று எழும்.

தொடக்கத்தில் கண்ட இளைஞர் இன்னும் கடற்கரைக் கோயிலின் முன்னே நிற்கிறார். அவரிடமிருந்து கைப்பேசியைப் பறிக்க வேண்டா. தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் மட்டும் பார்க்கச் சொல்லலாம். அலை எந்தத் திசையில் சாய்கிறது, கல் எங்கே தேய்ந்திருக்கிறது, ஒளி முதலில் எதன்மேல் விழுகிறது என்று அவர் பார்க்கட்டும். பார்த்தபின் வானத்தை விருப்பம்போல் தீட்டட்டும், கல்லை விட்டுவைக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பாட்டியின் முகத்தை அப்படியே விட்டுவைக்கட்டும். அதிலுள்ள ஒவ்வொரு சுருக்கமும் பின்னாளில் அவர் தேடப்போகும் வரி.

பத்தாண்டாகத் தமிழைச் சுவைத்தும் ஆராய்ந்தும் வரும் இலக்கிய வட்டம், இத்தகைய புதுப்பொருள்களையும் பழைய நூல்களின் ஒளியில் கண்டு மேலும் பல்லாண்டு சிறப்பதாகுக.